196.5 கட் ஆஃப்: கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் 2 முடித்திருக்கிறாள். கணிதம் 99, இயற்பியல் 97, வேதியியல் 98, கணினி அறிவியல் 100. பிற்படுத்தப்பட்டோர் பிரிவு. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பது அவருடைய கேள்வி. அதற்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறார். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாகிவிட்டது, இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். சென்னைக்குத் தனியாக அனுப்பவும் மனம் வரவில்லை. எனக்கு அந்த இரண்டு வரிதான் மெய்யான கேள்வியாகத் தெரிகிறது. கிண்டி கிடைக்காது என்று யாராவது உறுதியாகச் சொல்லிவிட்டால் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அதனால் சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களோடு சென்னைக்கு ரயிலேறி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பெரிய திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த காலத்திலிருந்து கலந்தாய்வைக் கவனித்து வருகிறேன். 2018-ல் அது இணையவழிக்கு மாறிய பிறகும், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசையாக எழுதும் விருப்பப் பட்டியல் போடும் நாட்களில் பிள்ளைகளோடு உட்காருகிறேன். சேர்க்கைக் குழுவில் இருந்தவன் அல்ல. நான் சொல்வது வெளியில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது. சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதோ: கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் வாய்ப்பு குறைவு, அதை நம்பி இருக்க வேண்டாம். ஆனால் உங்கள் மகளுக்குத் தமிழ்நாட்டின் முதல் வரிசைக் கல்லூரிகளில் ஒன்றில் நல்ல இடம் கிடைக்கும். ஆகவே இந்த வாரம் பணம் கட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு 2007-லிருந்து இல்லை. கணித மதிப்பெண் முழுதாக 100-க்கு, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி. உங்கள் மகளுக்கு 99, 48.5, 49, ஆக 200-க்கு 196.5. இதைத்தான் கட் ஆஃப் என்கிறார்கள். நேர்காணல் இல்லை, கட்டுரை இல்லை, யாருடைய பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை. கலை, விளையாட்டு, பேச்சுப் போட்டிச் சான்றிதழ்கள் பொதுக் கலந்தாய்வில் ஒரு புள்ளியையும் கூட்டாது (சிறந்த விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு தனி). இந்த முறையின் மேல் பல குறைகள் சொல்லலாம். ஆனால் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: தரவரிசை எண் கைக்கு வந்த பிறகு, எந்த இடம் கிடைக்கும் என்பதை வீட்டில் உட்கார்ந்தே ஏறக்குறைய சரியாகக் கணக்கிட முடியும். அந்த எண் வருவதற்கு முன்பு யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான். என் ஊகமும் அதில் அடங்கும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் மதிப்பெண்கள் முழு எண்களாக வருவதால் கட் ஆஃப் அரை அரையாகத்தான் நகரும். 196.5-க்கும் 197-க்கும் நடுவே அநேகமாக யாரும் நிற்பதில்லை. அதனால் ஒவ்வொரு படியிலும் பெருங்கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் யார் முன்னால் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம், பிறகு பிளஸ் 2 மொத்த சதவீதம், பத்தாம் வகுப்பு சதவீதம், அதன் பிறகு பிறந்த தேதியில் மூத்தவர், எல்லாம் ஒன்றாக இருந்தால் சமவாய்ப்பு எண் (கணினி குலுக்கல் போலத் தரும் எண்). ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். கணிதத்தில் 100, மற்ற இரண்டிலும் 97 எடுத்தவருக்கு 197. கணிதத்தில் 97, மற்ற இரண்டிலும் 100 எடுத்தவருக்கும் 197. இருவரும் சமம் போலத் தெரியும், ஆனால் தரவரிசையில் முதலாமவர் வெகுவாக முன்னே நிற்பார். உங்கள் மகளுக்குக் கணிதத்தில் 99 இருப்பது இந்த இடத்தில் கைகொடுக்கும். 196.5 எடுத்தவர்களின் கூட்டத்தில் கணிதத்தில் 100 வாங்கியவர்கள் மட்டுமே அவளுக்கு முன்னால் கட்டாயம் போவார்கள். 99 வாங்கியவர்களுக்குள் இயற்பியல் பார்ப்பார்கள், அங்கே 97 நடுத்தரம். கணினி அறிவியலில் 100 இருப்பது மூன்றாவது படியில் உதவும்.

இனி, போன ஆண்டு கட் ஆஃபை, அதாவது ஒரு பாடத்தில் கடைசி இடம் முடிந்த மதிப்பெண்ணை வைத்து இந்த ஆண்டைச் சொல்வதில் இருக்கும் ஆபத்து. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உறவினர்கள், டியூஷன் ஆசிரியர்கள், யூடியூப் காணொளிகள் எல்லாம் சேர்ந்து செய்யும் தவறு இது. பிளஸ் 2 பொதுத்தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவர்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியலில் 2023-ல் 3,909 பேர் நூற்றுக்கு நூறு எடுத்தார்கள். 2024-ல் அது 471. 2025-ல் மறுபடி 3,181. கணிதத்தில் 2023-ல் 690, 2024-ல் 2,587, 2025-ல் 3,022. இயற்பியலில் 812, 633, 1,125. பிள்ளைகள் ஓராண்டில் இவ்வளவு மாறிவிடவில்லை, வினாத்தாள் மாறியது. இதன் விளைவாக 200-க்கு 200 கட் ஆஃப் எடுத்தவர்கள் 2023-ல் 102 பேர், 2024-ல் 65 பேர், 2025-ல் 144 பேர். உச்சியிலேயே இப்படி இரட்டிப்பாகிறது என்றால், 196.5 என்ற எண்ணுக்கு மேலே நிற்பவர்கள் ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையில் ஆயிரக்கணக்கில் மாறுவார்கள் என்று புரிந்துகொள்ளலாம். 2021 இதற்கெல்லாம் உச்சம். கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் 1, பிளஸ் 2 உள்மதிப்பீடு ஆகியவற்றை 50, 20, 30 என்ற விகிதத்தில் கூட்டி மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஆண்டின் கட் ஆஃபை இன்றும் சிலர் பட்டியலில் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது தரவரிசை எண். கலந்தாய்வு இணையதளத்திலேயே முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடத்திலும், ஒவ்வொரு சமூகப் பிரிவிலும் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில், எந்தத் தரவரிசை எண்ணில் முடிந்தது என்று இருக்கும். மதிப்பெண் பத்தியை ஒரு தாளால் மறைத்துவிட்டுத் தரவரிசைப் பத்தியை மட்டும் படியுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளை இப்படித்தான் செய்யச் சொல்வேன். வினாத்தாள் எளிதோ கடினமோ, மாநிலத்தில் 4,000-வது இடத்தில் இருப்பவர் எந்த வகுப்பறையில் போய் உட்காருகிறார் என்பது அவ்வளவு எளிதில் மாறாது. முழுக்க மாறாது என்றும் சொல்லமாட்டேன். தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்கள் 2023-ல் சுமார் 1.79 லட்சம், 2024-ல் சுமார் 2 லட்சம், 2025-ல் சுமார் 2.4 லட்சம். கூட்டம் பெருகுகிறது. இன்னொரு பக்கம், தரமான கல்லூரிகள் ஒரு பாடத்தில் எத்தனை இடம் வைக்கலாம் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) 2024-25-ல் எடுத்துவிட்டதால் கம்ப்யூட்டர் சார்ந்த பாடங்களில் இடங்கள் கூடியிருக்கின்றன. ஒன்று உங்களுக்கு எதிராகவும் ஒன்று ஆதரவாகவும் இழுக்கிறது. ஆகவே ஒரே ஓர் ஆண்டைப் பார்க்காமல் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் தரவரிசையைப் பாருங்கள்.

இடஒதுக்கீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 சதவீதத்தில் மட்டும்தான் மகள் போட்டியிட முடியும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. நூற்றில் 31 இடங்கள் பொதுப் பிரிவு. அது எல்லாச் சமூகத்தினருக்கும் திறந்தது. அவளுடைய எண் வரும்போது, அவள் கேட்ட கல்லூரியில் அவள் கேட்ட பாடத்தில் பொதுப் பிரிவில் இடம் இருந்தால் முதலில் அதுதான் தரப்படும்; இல்லையென்றால் பி.சி. இடம் பார்க்கப்படும். மற்ற இடங்கள் பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1 என்று போகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. அது ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அதில் வரவில்லை. உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் அதே ஏழை வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள், அவர்களுக்கு இது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விதி இன்று இதுதான். ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கே கேட்டுப் பதிவு செய்யுங்கள். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு.

இப்போது என் கணிப்பு. இதைக் கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப் பிரிவில் 200-ஐ ஒட்டியே முடிகிறது, பி.சி. பிரிவிலும் பெரிய இறக்கம் இருப்பதில்லை. 196.5-க்கு அது எட்டுவது மிகக் கடினமான வினாத்தாள் வந்த ஆண்டில் மட்டுமே நடக்கக்கூடியது. கிண்டியில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) விளிம்பில் இருக்கிறது, எந்தப் பக்கமும் சாயலாம். கிண்டியில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) நம்பிக்கையோடு எதிர்பார்க்கலாம். இயந்திரவியல், குடிசார் பொறியியல் போன்றவை கிண்டியில் உறுதி என்றே சொல்வேன். சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்ஐடியில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) கம்ப்யூட்டர் சார்ந்த பாடங்கள், கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகியவை விளிம்பு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி, கோவை சிஐடி (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜிசிடி ஆகிய மூன்றில் குறைந்தது ஒன்றில் அவள் விரும்பும் பாடமோ அதற்கு மிக அருகிலுள்ள பாடமோ கிடைக்கும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள ஒரு மாநிலத்தில், முதல் பத்துக்குள் வரும் கல்லூரிகளைப் பற்றி இப்படிப் பேசும் நிலையில் உங்கள் மகள் இருக்கிறாள். கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை என்பதற்காக வீட்டில் துக்கம் கொண்டாட வேண்டாம்.

விருப்பப் பட்டியல் போடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மதிப்பெண் குறைந்து வாய்ப்பை இழந்தவர்களைவிடப் பட்டியலைத் தப்பாகப் போட்டு இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு மாணவன், எம்ஐடியில் ஒரு பாடத்தின் மேல் ஆசை வைத்திருந்தவன், அதை ஏழாவது வரியில் போட்டு வந்தான். மேலே ஆறு வரியிலும் தனியார் கல்லூரிகள். ஏன் என்று கேட்டால், கிடைக்காததை முதலில் எழுதினால் அந்தச் சுற்றே வீணாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். நேரம் முடிவதற்குள் அவன் பட்டியலை மாற்றினான், ஆசைப்பட்ட இடமும் கிடைத்தது. அந்தப் பயத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. கணினி செய்வது இதுதான்: தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தை அவருக்குக் கொடுக்கிறது. உங்கள் மகளின் முறை வரும்போது முதல் வரியில் உள்ளது நிரம்பியிருந்தால் இரண்டாவதைப் பார்க்கும், அதுவும் இல்லையென்றால் மூன்றாவதை. கிடைக்காத ஒன்றை மேலே எழுதியதற்காக எந்தத் தண்டனையும் இல்லை. அவளுக்குப் பின்னால் இருப்பவர் அதே கல்லூரியை முதல் வரியில் எழுதியிருந்தாலும் அவளைத் தாண்டிப் போக முடியாது. எத்தனை வரி எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. ஆகவே கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் அவளுடைய முதல் ஆசை என்றால் அது முதல் வரியில்தான் இருக்க வேண்டும். வாய்ப்பு குறைவு என்று நான் சொன்னது அதை நீக்குவதற்கான காரணம் ஆகாது.

எழுதும்போது கல்லூரியின் பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியின் எண் 1, எம்ஐடியின் எண் 4. அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரோடு மண்டல வளாகங்களும் உறுப்புக் கல்லூரிகளும் மாநிலம் முழுவதும் இருக்கின்றன. அவை கிண்டி வளாகம் அல்ல. பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2006. அதே குழுமத்தின் இன்னொரு பொறியியல் கல்லூரி வேறு எண்ணில் இருக்கிறது. பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் சுயநிதிப் பிரிவு என்ற குறிப்பு இருந்தால் கட்டணம் கூடுதலாக இருக்கும், அதையும் கவனியுங்கள். இந்த வேலையை பிரவுசிங் சென்டரில் கூட்டத்துக்கு நடுவே செய்யாதீர்கள். கல்லூரிகளின் ஆட்கள் அங்கே சுற்றுவதுண்டு. உதவுவதாகச் சொல்லித் தங்கள் கல்லூரியை மேலே ஏற்றிவிடுவார்கள். கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் மகளைத் தவிர யாரும் வைத்திருக்கக் கூடாது. வீட்டில் கணினி இல்லையென்றால் அரசின் சேவை மையத்துக்குப் போங்கள், அங்கே செய்துதருவார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு ஓரிரு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். கிடைத்ததில் திருப்தி என்றால் ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிடலாம். ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள வரிகளில் இடம் காலியானால் அங்கே போகவும் காத்திருக்கலாம். அவளுக்கு இரண்டாவது வழிதான் பொருத்தமாக இருக்கும், முதல் சுற்றில் ஐஐடி, என்ஐடி, மருத்துவம் என்று போகிறவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள் கொஞ்சம் உண்டு. எவ்வளவு இடம் அப்படி நகரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு எச்சரிக்கை: மேலே போகும் வழியைத் தேர்ந்த பிறகு மேல் வரி ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் அந்தக் கணமே கைவிட்டுப் போகும், திரும்பக் கேட்க முடியாது. மதுரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கும்போது, மேலே யோசிக்காமல் எழுதி வைத்த கிண்டி பாடம் ஒன்று வந்து நின்றால் அதில்தான் சேர வேண்டும். ஆகவே ஒவ்வொரு வரியிலும், இதற்குக் கீழே உள்ளது கையில் இருக்கும்போது இது வந்தால் மகிழ்ச்சியாகப் போவேனா என்று மகள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்கு அவளுக்காக நீங்களோ நானோ பதில் சொல்ல முடியாது.

கல்லூரியா பாடமா என்ற பழைய விவாதத்தில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. முதல் பத்து கல்லூரிகளுக்குள் இருக்கும்வரை, அவள் விரும்பும் பாடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே போகட்டும். அந்தப் பத்தை விட்டு வெகுதூரம் கீழே இறங்கித்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்றால், கிண்டியில் இ.இ.இ. படிப்பதே மேல். உடன் படிப்பவர்கள், நூலகம், ஆய்வகம், வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் இவற்றின் வேறுபாடு நான்கு ஆண்டில் நன்றாகத் தெரிகிறது. என் பழைய மாணவர்களைப் பார்த்து வந்த முடிவு இது. ஆனால் நான்கு ஆண்டு கழித்து எந்தத் துறையில் வேலை இருக்கும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அப்படிச் சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. விளம்பரங்களில் வரும் உச்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், அது ஓரிருவருக்குக் கிடைத்தது. பட்டியலின் கீழ்ப்பகுதியில் தன்னாட்சி பெறாத கல்லூரிகளைச் சேர்ப்பதாக இருந்தால் அண்ணா பல்கலைக்கழகம் பருவத் தேர்வுதோறும் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்த எண்ணோடு ஒப்பிட முடியாது.

ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ நுழைவுத்தேர்வை எழுதினாளா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதியிருந்தால் திருச்சி என்ஐடியையும் மனதில் வையுங்கள். என்ஐடிகளில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு. அங்கே பிளஸ் 2 மதிப்பெண் வெறும் தகுதிக்கு மட்டும், தரவரிசை ஜேஇஇயில்தான். எழுதவில்லையென்றால் இந்த ஆண்டு அந்த வழி இல்லை.

இனி முன்பணம். அந்தப் பல்கலைக்கழகம் எது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வாரமே கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்ற அழுத்தம் கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பு ஏன் வருகிறது என்று யோசியுங்கள். 196.5 எடுத்த பெண்ணைக் கலந்தாய்வில் இழந்துவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் மகளின் நிலையில் முதல் சுற்றிலேயே நல்ல இடம் வரும் என்பதால் அந்த இடம் அவளுக்குப் பாதுகாப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்காகக் கடன் வாங்கினால் வட்டிதான் மிச்சம். அப்படியும் மனம் கேட்காமல் கட்டுவதாக இருந்தால் இரண்டு விஷயம். குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி வைத்திருக்கிறது, தேதியை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் யுஜிசியின் விதி. சரிபார்க்க மட்டும் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். அவை உள்ளே மாட்டிக்கொண்டால் பிறகு நல்ல இடம் வந்தும் சேர முடியாமல் அலைய நேரும்.

சென்னை தூரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, நானும் பெண்ணைப் பெற்றவன். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள், ஐயா. மாலையில் பொதிகை ரயிலில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. கிண்டி வளாகத்துக்குள்ளேயே மாணவியர் விடுதி இருக்கிறது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியில் இன்று தென் மாவட்டங்களிலிருந்து, முதன்முதலாக வீட்டை விட்டு வந்த பெண்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் பாடம் கேட்பது கடினமாகத்தான் இருக்கும். சிலர் அழுதுகொண்டு எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். இரண்டாம் பருவத்தில் அந்தப் போன் வருவதில்லை. மகள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்க விரும்புகிறாள் என்றால் மதுரைக் கல்லூரியை மேலே போடுங்கள், அது தரத்தில் யாருக்கும் குறைந்ததல்ல. அவள் விரும்புவது கிண்டி என்றால், தூரத்தைக் காரணம் காட்டி அந்த வரியை நீங்கள் கீழே இறக்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை வேறு. இயற்பியல் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள், அதற்குத் தரும் கால அவகாசம் சில நாட்கள்தான். நகல் வந்ததும் அவளுடைய இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் விட்டுப்போன மதிப்பெண் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் மறுமதிப்பீடு கேளுங்கள். ஒரு மதிப்பெண் கூடினால் கட் ஆஃப் 197 ஆகும்; இந்த உயரத்தில் அந்த அரைப் புள்ளி பல நூறு பேரைத் தாண்ட வைக்கும், கிண்டி இ.சி.இ. விளிம்பில் இருக்கிறது என்று சொன்னேனே, அதற்கே அது போதுமானதாக இருக்கலாம். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பெழுத்து மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். தரவரிசைப் பட்டியல் வந்ததும் மகளின் பொதுத் தரவரிசை எண்ணையும் பி.சி. தரவரிசை எண்ணையும் மட்டும் இங்கே எழுதுங்கள், விண்ணப்ப எண் வேண்டாம். மேலே நான் விளிம்பு என்று நிறுத்திய இடங்களுக்கு அன்று இன்னும் திட்டமாகப் பதில் சொல்கிறேன்.